“எங்க போறாய்?”: திருகோணமலையில் நட்பும் துணையும் தேடும் குயர் மனிதர்களுக்கு

இடமாற்றத்தில் திருகோணமலைக்கு வந்த ஆசிரியர், வங்கியில் வேலை செய்பவர், வைத்தியசாலைத் தாதி, கோணேசபுரி வளாகத்துக்குப் படிக்க வந்த பிள்ளை. அல்லது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து, தனக்கு யாரைப் பிடிக்கிறது, தான் ஆணா பெண்ணா இரண்டுக்கும் வெளியேயா என்பதை இப்போதுதான் தனக்குள் ஒப்புக்கொண்டவர். இவர்களில் யாராவது “எங்களைப் போல ஆட்களை இந்த ஊரில் எங்கே சந்திக்கிறது?” என்று கேட்டால் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பதினெட்டு வயது தாண்டியவர்களுக்காக எழுதுகிறேன். குயர் என்று நான் சொல்வது தன்பால் ஈர்ப்பு, இருபால் ஈர்ப்பு உள்ளவர்களையும் திருநரையும் சேர்த்துத்தான்.

நேரான பதில், அதற்கென்று ஓர் இடம் இங்கே இல்லை. கொழும்பில் 2005 முதல் பிரைட் என்ற குயர் மக்களின் விழாவைக் கொண்டாடுகிறார்கள். 2022இல் யாழ்ப்பாணத்து வீதியிலும் வானவில் கொடி பிடித்து நடந்தார்கள். திருகோணமலை சின்ன நகரம். காலையில் உவர்மலையில் யாரோடு நின்றீர்கள் என்பது மத்தியானத்துக்குள் பாலையூற்று வரைக்கும் போய்விடும். அதற்காக இங்கே குயர் ஆட்களே இல்லை என்று நினைக்க வேண்டாம். வங்கிக் கவுன்டரில் இருக்கிறார்கள், படகில் இருக்கிறார்கள், கோயிலில் காவடி எடுக்கிறார்கள், பள்ளிவாசலில் தொழுகிறார்கள். அவர்களும் உங்களைப் போலவே ஒளிந்துதான் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ஊரில் வீட்டை விட்டு வெளியே கால் வைக்கும் எவருக்கும் வரும் கேள்வி இரண்டு: “எங்க போறாய்?”, “யாரோட?” அம்மா கேட்பா, வீட்டுக்கார அன்ரி கேட்பா, சந்தியில் நிற்கும் ஓட்டோ அண்ணையும் கேட்பார். காதலைத் தேடிப் போகிறேன் என்று சொல்ல முடியாது. நீந்தப் போகிறேன், கூத்துப் பழகப் போகிறேன், பறவை பார்க்கப் போகிறேன் என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. ஒரு நல்ல பொழுதுபோக்கு இந்த இரண்டு கேள்விக்கும் உண்மையான பதிலைக் கையில் தரும். ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கவும் வைக்கும். என்னைக் கேட்டால், இந்த ஊரில் துணை தேடும் போன் செயலியை விட இதுதான் வேலை செய்யும்.

பொழுதுபோக்கை எப்படித் தெரிவது

துணை கிடைக்கும் என்று நினைத்து ஒன்றைத் தெரிந்தால் இரண்டாம் கிழமையே சலித்துவிடும். யாருமே கிடைக்காவிட்டாலும் இதைச் செய்வேனா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் சரி.

அப்புறம், கிழமைக்கு ஒரு தடவையாவது அதே ஆட்கள் கூடுகிறதாக இருக்க வேண்டும். ஒருநாள் பட்டறைகளில் எல்லோரும் சிரிப்பார்கள், வட்ஸ்அப் இலக்கம் வாங்குவார்கள், பிறகு காணாமல் போவார்கள். கைக்கு வேலையும் வாய்க்கு ஓய்வும் கிடைக்கும் வேலைகள் இன்னும் நல்லது. நேருக்கு நேர் மேசையில் உட்கார்ந்தால் நம் ஆட்களுக்குக் கதை வராது. பக்கத்தில் பக்கத்தில் நடந்தால், படகு இழுத்தால், மரக்கறி வெட்டினால் தானாக வரும்.

இன்னொன்று, ஆண் பக்கம் பெண் பக்கம் என்று பிரிக்காத வேலையா என்று பாருங்கள். திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் இது பெரிய விஷயம். எந்த வரிசையில் நிற்பது என்ற கேள்வியே எழாத இடத்தில்தான் நிம்மதியாக மூச்சு விடலாம். பறவை பார்ப்பது, மொழி வகுப்பு, கடற்கரை துப்புரவு போன்றவை அப்படி. குழு விளையாட்டுகள் பெரும்பாலும் அப்படி இல்லை.

இந்த ஊரில் என்ன இருக்கிறது

ஒன்றும் வாங்காமல், ஒருவரிடமும் கேட்காமல் நாளைக்கே தொடங்கக்கூடியது காலை நடை. பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து, மான்களைத் தாண்டி, கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குவது. சைவர்களாக இருந்தால் “கோயிலுக்கு” என்ற ஒரு சொல் போதும், வீட்டில் மறுகேள்வி வராது. மற்றவர்களுக்கு டச்சுக்குடா கடற்கரை இருக்கிறது. அங்கே காலையிலும் பின்னேரத்திலும் நடக்கிற ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். முதல் கிழமை தலையாட்டுங்கள், இரண்டாம் கிழமை “இண்டைக்குக் காத்துக் கூட” என்று ஒரு வார்த்தை. அவசரம் வேண்டாம். சைக்கிள் இருந்தால் கன்னியா வெந்நீரூற்று வரை விடியற்காலையில் ஒரு சுற்றுப் போகலாம். ஏழு கிணறுகளிலும் வெவ்வேறு சூடு. அங்கே நின்று எந்தக் கிணறு சூடு கூட என்று வாதாடாத ஆளை நான் கண்டதில்லை. பேச்சுத் தொடங்க அதை விட லேசான இடம் கிடையாது.

கடல்தான் இந்த ஊரின் பெரிய சொத்து. ஏறத்தாழ மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளிக் கடல் அமைதியாக இருக்கும். இந்தக் காலத்தில் டைவிங் நிலையங்களும் ஸ்நோர்க்கலிங் படகுகளும் ஓடும். ஆரம்ப நிலை டைவிங் சான்றிதழை மூன்று நான்கு நாளில் எடுக்கலாம், ஆனால் செலவு கூட. எல்லோராலும் முடியாது. மலிவான வழி புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்தான். 2003இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். படகு வாடகை படகுக்குத்தான், தலைக்கு இல்லை. ஆகவே நான்கைந்து பேர் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். அறிமுகம் இல்லாதவர்களும் ஒரே படகில் சேர்ந்துகொள்வது அங்கே சாதாரணம். “படகுக்கு இன்னும் ரெண்டு பேர் வேணும், வாறியளா?” என்று கேட்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. கூச்ச சுபாவக்காரருக்கு இதை விட நல்ல முதல் வரி கிடைக்காது. பவளப் பாறையில் கால் வைக்காதீர்கள், ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். நீச்சல் தெரியாவிட்டால் உயிர்காப்பு அங்கியைக் கழற்ற வேண்டாம்.

டைவிங் நிலையங்களைச் சுற்றி இருக்கும் கூட்டம் கொஞ்சம் வித்தியாசமானது. உள்ளூர்ப் பெடியன்கள், கொழும்பிலிருந்து வந்து தங்கியவர்கள், வெளிநாட்டவர்கள் எல்லோரும் கலந்து இருப்பதால் யாரும் யாரையும் துருவிப் பார்ப்பதில்லை. மனம் தளர்த்திக்கொள்ள நல்ல இடம். ஆனால் வெளிநாட்டவரோடு வரும் காதல் பெரும்பாலும் விசாவோடு முடியும். அது தெரிந்தே இறங்கினால் பிரச்சினை இல்லை.

பறவை பார்ப்பது கூட்டம் பிடிக்காதவர்களுக்கு. ஒக்ரோபரிலிருந்து ஏப்ரல் வரை வலசை வரும் பறவைகள் நிலாவெளி உப்பளப் பக்கத்திலும், தம்பலகாமத்து வயல்களிலும், கந்தளாய்க் குளத்திலும் நிற்கும். போனில் மெர்லின் செயலியைப் போட்டுக்கொண்டால் குரலைக் கேட்டே பெயர் சொல்லும். பார்த்ததை ஈபேர்ட் என்ற இணையத்தளத்தில் பதிந்தால், அதே பகுதியில் பறவை பார்க்கும் மற்றவர்களின் பதிவுகளும் தெரியும். நாடளவில் 1976 முதல் இலங்கை களப் பறவையியல் குழு இயங்குகிறது. அவர்களின் பயணங்களில் சேர்ந்தால் ஊருக்கு வெளியே நட்பு கிடைக்கும். ஊருக்கு வெளியே கிடைக்கும் நட்புக்குத் தனி மதிப்பு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஓர் எச்சரிக்கை. இது கிழக்குக் கடற்படைக் கட்டளைத் தலைமையகம் இருக்கும் ஊர், சீனன்குடாவில் விமானப்படை இருக்கிறது. துறைமுகப் பக்கமோ முகாம் பக்கமோ தொலைநோக்கியையோ கமராவையோ தூக்கினால் விசாரிப்பார்கள். விசாரணையில் போனைக் கேட்பார்கள். போனுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே வயல், குளம், களப்பு என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூத்தும் நாடகமும் தனி உலகம். மூதூர்ப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் கூத்துப் பழக்கம் தொடங்கினால் மாதக்கணக்கில் இரவு இரவாகப் போகும். மத்தளச் சத்தம், அண்ணாவியாரின் ஏச்சு, நடுச்சாமத்துப் பிளேன்டீ. மரபாக ஆண்கள்தான் பெண் வேடமும் கட்டி ஆடி வந்தார்கள். அரசியாக ஆடி முடித்துவிட்டு மறுநாள் வயலுக்குப் போவார்கள், ஊரில் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சேலை கட்டிப் பார்க்க ஆசை உள்ள பலருக்கு முதல் அனுமதி அந்த மேடையில்தான் கிடைத்திருக்கிறது. அதேநேரம் மேடையில் கைதட்டும் ஊர் வீட்டில் அப்படித் தட்டாது. வேடம் கட்டுகிறவர் எல்லோரும் நம்மவர் என்று எண்ணி வாயை விடுவதும் ஆபத்து. நகரத்துக்குள் இருப்பவர்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைக் கேட்டால் எங்கே எந்தக் குழு இயங்குகிறது என்று சொல்வார். நடிக்க வராதவர்களுக்கும் வேலை உண்டு. உடுப்பு, ஒப்பனை, ஒலி, ஒளி எல்லாவற்றுக்கும் ஆள் தேவை.

மொழி வகுப்பை நான் ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்று சிலர் கேட்பார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மாவட்டத்தில் இருந்தும் தனித்தனியாகவே பழகும் ஊர் இது. உங்களைக் கட்டிக்கொடுக்கக் காத்திருக்கும் சொந்தக்காரர்கள் உங்கள் சமூகத்துக்குள்தான் இருக்கிறார்கள். பக்கத்துச் சமூகத்து நண்பருக்கு உங்கள் மாமியைத் தெரியாது. பேச்சுச் சிங்களம் வந்தால் அந்த வட்டம் திறக்கும். கொழும்புக் கூட்டங்களுக்குப் போகும்போதும் உதவும். சிங்களம் பேசுகிறவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, அவரிடம் சிங்களம் படிக்கிற மாற்றுமுறையும் நன்றாகவே போகும். கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் நோன்பு மாதத்தில் பின்னேரச் சந்திப்பு வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானமும் வேண்டாம்.

வாசிப்பவர்கள் பொது நூலகத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொள்ளலாம். புத்தகம் கிடைக்காவிட்டால், ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்களை 2005 முதல் இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் நிறுவனத்தின் தளம் இருக்கிறது, காசு இல்லை. மூன்று பேர் இருந்தால் வாசிப்பு வட்டம் ஆகிவிடும். ஒரு கதையைப் பற்றிப் பேசுவதுபோலத் தன்னைப் பற்றிப் பேச முடிவது அதன் வசதி.

விளையாட்டு பற்றிச் சுருக்கமாக. 1991 முதல் நாட்டின் தேசிய விளையாட்டு கரப்பந்து, இங்கே கடற்கரையிலும் ஆடுகிறார்கள். ஆண்கள் அணிகளில் கிண்டல் பேச்சு கூட. அதைத் தாங்க முடிந்தால் போங்கள், முடியாவிட்டால் ஒரு நட்டமும் இல்லை. பெண்களுக்கு வலைப்பந்து அப்படியில்லை. அலுவலக அணி, பழைய மாணவிகள் அணி என்று இருக்கும், நட்பு ஆழமாக வரும், வீட்டில் மறுப்பும் குறைவு. விலங்குகள் பிடிக்கும் ஆட்களுக்கும் வேலை உண்டு. நகரத்து மான்கள் பொலித்தீன் தின்று சாகின்றன. துப்புரவு செய்ய ஆள் எப்போதும் போதாது.

பெண்களுக்குத் தனியாக

ஆண்களுக்குச் சொல்லும் பாதி ஆலோசனை பெண்களுக்குப் பொருந்தாது. இருட்டுவதற்கு முன் வீட்டில் நிற்க வேண்டும், தனியாகக் கடற்கரையில் இருந்தால் தொந்தரவு, இருபத்தைந்து தாண்டினால் சாதகம் எடுத்துவிடுவார்கள். ஆகவே காலை நேரமும், “வகுப்பு” என்று பெயர் உள்ளதும் பார்த்துத் தெரியுங்கள். தையல், நடனம், கேக் அலங்காரம், கணினி வகுப்பு எதுவானாலும் சரி. சான்றிதழ் ஒன்று கிடைக்கும் என்றால் அம்மாவே அனுப்பிவைப்பா. ஒரு வசதியும் இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். இரண்டு பெண்கள் ஒன்றாகத் திரிந்தால், ஒரே வீட்டில் இரவு தங்கினால், இந்த ஊர் அதைச் சினேகிதம் என்றுதான் பார்க்கும். கடலில் இறங்குவதானால் லெக்கின்சும் நீளக்கை ரீசேட்டும் போதும், வெயிலுக்கும் அதுதான் நல்லது.

முதல் மாதம் என்ன செய்வது

சேர்ந்த உடனே ஒன்றையும் அறிவிக்க வேண்டாம். நேரத்துக்குப் போங்கள், கதிரை அடுக்குங்கள், பிளேன்டீ ஊற்றிக் கொடுங்கள், பெயர்களை நினைவில் வையுங்கள். ஊர்க்காரர் நம்பிக்கை வைப்பது ஒழுங்காக வருகிறவர் மீதுதான். உங்கள் கதையைச் சொல்லாமல் இருப்பது கள்ளத்தனம் இல்லை. யாருக்கு எப்போது சொல்வது என்பது உங்கள் உரிமை.

இடையில் காதை மட்டும் திறந்து வையுங்கள். யார் “பொன்ஸ்” என்று நம்மைக் கேலி செய்யும் சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறார், யார் அப்போது சிரிக்காமல் இருக்கிறார், யார் கலியாணப் பேச்சு வந்தால் எழுந்து போகிறார் என்று கவனியுங்கள். சிரிக்காதவர் எல்லோரும் குயர் இல்லை. ஆனால் உங்களுக்குத் தேவைப்படும் நண்பர் அவர்தான்.

ஒருவரைச் சோதித்துப் பார்க்க ஒரு செய்தியைப் போட்டுப் பார்க்கலாம். “2023இல உயர் நீதிமன்றம் ஒண்டு சொன்னதாமே, தன்பாலின உறவைக் குற்றமில்லையெண்டு மாத்துற சட்டமூலம் அரசியலமைப்புக்கு எதிரானதில்லையெண்டு. பாத்தனீங்களா?” என்று செய்தித்தாள் வாசித்தது போலச் சொல்லுங்கள். பதிலில் எல்லாம் தெரிந்துவிடும். “அதுக்கென்ன, அவையின்ர வாழ்க்கை” என்றால் ஒரு கதவு திறந்திருக்கிறது. முகம் சுழித்தால் கிரிக்கெட் பற்றிப் பேசுங்கள்.

யாராவது உங்களிடம் தன்னைப் பற்றிச் சொன்னால் அது உங்களோடு நிற்க வேண்டும். உங்களுக்கு நெருக்கமான இன்னொரு குயர் நண்பருக்குக்கூட அவருடைய அனுமதி இல்லாமல் சொல்லக்கூடாது. இந்த அளவு ஊரில் ஒரு வாய் தவறினால் ஒருவருக்கு வேலை போகும், வீடு போகும். வட்ஸ்அப் குழு தொடங்கினால் “வானவில்” என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். “ஞாயிறு நடை” போதும்.

மனதுக்குப் பிடித்தவர் கிடைத்தால்

குழுவுக்குள் ஒருவரைப் பிடித்துவிட்டது. சில கிழமை பொறுங்கள். பிறகு குழுவின் வேலையோடு ஒட்டிய, ஆனால் இரண்டு பேருக்கு மட்டுமான ஒன்றைக் கேளுங்கள். “நாளைக்கு உப்புவெளிப் பக்கம் போறன், வாறீங்களா, அப்படியே கொத்துச் சாப்பிட்டிட்டு வருவம்.” வந்தார் என்றால் நல்லது. மூன்று தடவை சாட்டுச் சொன்னார் என்றால் அதுதான் பதில். நான்காவது தடவை கேட்க வேண்டாம். முன்னர் போலவே தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து வாங்கிக்கொண்டு இருங்கள்.

மனதில் உள்ளதைச் சொல்லும்போது அவருக்குத் தப்பிக்க வழி விட்டுச் சொல்லுங்கள். படகில் நடுக்கடலில் சொல்லக்கூடாது, அவர் எங்கே போவார்? நடந்து திரும்பும் வழியில், அவருடைய சைக்கிள் நிற்கும் இடத்துக்குக் கிட்டவாகச் சொல்லலாம். எழுத்தில் சொல்வதைத் தவிருங்கள். ஸ்க்ரீன்ஷொட் ஒன்று ஊரைச் சுற்ற ஐந்து நிமிடம் போதும்.

எங்கே சந்திப்பது என்பது அடுத்த தலையிடி. பட்டப்பகலில், ஆட்கள் நடமாடும் இடமாக இருக்கட்டும். கடற்கரைக் கடைகள் நல்லது, கோட்டைச் சுவரோரமும் பரவாயில்லை. ஆளரவம் இல்லாத கடற்கரையும் சவுக்கங்காடும் வேண்டாம். அங்கே பொலிஸும் வரும், போனைப் பறிக்கிற கூட்டமும் வரும். அறை எடுப்பதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வேடிக்கை சொல்கிறேன். கலியாணம் கட்டாத ஆணும் பெண்ணும் போனால் ஆயிரம் கேள்வி கேட்கும் விடுதி, இரண்டு ஆண்கள் அடையாள அட்டையை நீட்டினால் ஏசி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும்தான் கேட்கும். ஆனாலும் உங்கள் பகுதியில் எடுக்காதீர்கள். வரவேற்பில் இருப்பவர் உங்கள் ஒன்றுவிட்ட தம்பியின் நண்பராக இருப்பார்.

பிரிவு வந்தால் குழுவை இரண்டாக உடைக்காதீர்கள். ஒருவர் ஒரு மாதம் ஒதுங்கி நிற்கலாம், பிறகு திரும்பி வரலாம். இந்த ஊரில் இன்னொரு குழு இல்லை.

செயலிகளைப் பற்றி

கிரைண்டர், டின்டர் எல்லாம் இங்கேயும் ஓடும். வேண்டாம் என்று நான் சொன்னால் கேட்கப் போகிறீர்களா? ஆகவே எப்படி என்று மட்டும் சொல்கிறேன். தூரம் காட்டும் வசதியை முதலில் நிறுத்துங்கள். கொழும்பில் ஐந்நூறு மீற்றர் என்றால் ஆயிரம் வீடு, இங்கே ஐந்நூறு மீற்றர் என்றால் உங்கள் வீடு. முகப்படமும் வேலை செய்யும் இடமும் போடாதீர்கள். சந்திப்பதற்கு முன் வீடியோவில் ஒரு நிமிடமாவது முகம் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். நிர்வாணப் படம் கேட்பவருக்கு முகம் தெரிகிற ஒன்றும் போகக்கூடாது. முதல் சந்திப்புக்குப் போகும்போது நம்பிக்கையான ஒருவருக்கு இடமும் நேரமும் சொல்லிவிட்டுப் போங்கள்.

மிரட்டிக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் மாதா மாதம் கேட்பார்கள். எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஆளைத் தடை செய்யுங்கள். இணையத் தொல்லைக்கு ஆலோசனை சொல்லும் ஹிதவதி சேவை இருக்கிறது, தமிழிலும் பேசலாம்.

சட்டம்

தன்பாலின உறவைக் குற்றமாக்கப் பயன்படும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் கிடக்கின்றன. முதலாவதுக்குப் பத்து வருடம் வரை, இரண்டாவதுக்கு இரண்டு வருடம் வரை சிறை. 1995இல் திருத்தியபோது பெண்களையும் உள்ளே சேர்த்தார்கள். மேலே சொன்ன 2023 தீர்ப்பு அந்தச் சட்டமூலத்துக்கு வழி விட்டதே தவிர, சட்டத்தை மாற்றவில்லை. திருநங்கையரை 399ஆம் பிரிவின் ஆள்மாறாட்டத்திலும், 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்திலும் பிடித்த கதைகள் உண்டு.

ஆனால் விளங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவுகள் சொல்வது செயலை, ஆளை இல்லை. குயராக இருப்பது குற்றம் இல்லை, நான்கு பேர் கூடி நடப்பது குற்றம் இல்லை, தேநீர் குடிப்பது குற்றம் இல்லை. பொலிஸ் கூப்பிட்டால் சண்டை போடாமல், எந்தப் பிரிவில் என்று கேளுங்கள், சட்டத்தரணியோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது, அவர்களின் உடனடி இலக்கம் 1996.

ஊருக்கு வெளியே ஒரு கயிறு

முன்னர் சொன்ன தனி மதிப்பு இதுதான்: இங்கே ஏதாவது பிழைத்தால் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். வருடத்தில் ஒரு தடவையாவது வெளியூர் போய் வாருங்கள். யாழ்ப்பாணத்தில் திருநர் வலையமைப்பு இயங்குகிறது, தமிழிலேயே எல்லாம் நடக்கும். கொழும்பில் குயர் உரிமைகளுக்கான ஈகுவல் கிரவுண்ட் அமைப்பு 2004 முதல் இருக்கிறது. இரவுத் தபால் ரயிலில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். பால்நிலையைச் சட்டப்படி மாற்ற நினைப்பவர்கள், 2016இல் சுகாதார அமைச்சு கொண்டுவந்த பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைப் பற்றி இந்த அமைப்புகளிடமே கேளுங்கள். அரச வைத்தியசாலை மனநல வைத்தியர் மூலம்தான் தொடங்கும்.

காதல் தொடங்கினால் உடம்பையும் பார்க்க வேண்டும். அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் எச்ஐவி பரிசோதனை இலவசம், இரகசியமும் காப்பார்கள். உள்ளூரில் தெரிந்த முகம் இருக்கும் என்று பயந்தால் வேறு மாவட்டத்திலும் எடுக்கலாம். மனம் தாங்காத இரவில் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது. தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள்.

மாரி வந்தால்

நவம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், படகுகள் கரையேறும், காலை நடையும் விட்டு விட்டுத்தான். கோடையில் சேர்த்த கூட்டம் பெரும்பாலும் இந்த மூன்று மாதத்தில்தான் கரைந்து போகும். ஆகவே ஒக்ரோபரிலேயே வீட்டுக்குள் செய்கிற ஒன்றைப் பேசி வையுங்கள். யாராவது ஒருவர் தனி அறையிலோ வாடகை வீட்டிலோ இருப்பார், அங்கே ஞாயிறு மத்தியானம் சமையல் வையுங்கள். ஒருவர் மீன் வாங்க, ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் கரம் பலகை கொண்டுவர. வீட்டுக்காரருக்கு முதலே சொல்லிவிடுங்கள், ஒரு கிண்ணம் கறியும் அனுப்புங்கள். இடமாற்றத்தில் வந்தவர்களுக்கு ஜனவரியில் கடிதம் வரும், சிலர் போய்விடுவார்கள். அதனால் குழுவின் இலக்கங்களை ஒருவரிடம் மட்டும் வைக்காமல் இரண்டு பேரிடம் வையுங்கள், பெப்ரவரியில் புதிதாக வருகிறவருக்கு எந்த நாள், எந்த நேரம், எங்கே என்று சொல்ல ஓர் ஆள் ஊரில் நிற்க வேண்டும்.